முப்பது நொடி உட்கார ஓர் அறை

ஏழு நொடி. மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து நான் செய்த அறையில் ஆட்கள் தங்கியது சராசரியாக ஏழே நொடி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார் எங்கள் டைரக்டர். எல்லோரும் முதலில் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் என் காபிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

நாங்கள் வீடியோ கேம் செய்கிற சின்ன நிறுவனம், மொத்தம் பதினான்கு பேர். அதில் வெளிச்சம் என் பொறுப்பு. கட்டடத்தை வரைகிறவர் வேறு, அதற்குள் ஆட்களை ஓடவைக்கிறவர் வேறு. எங்கே விளக்கு எரிய வேண்டும், அது என்ன நிறம், எவ்வளவு இருட்டு, கதவைத் திறந்ததும் ஆடுகிறவரின் கண் முதலில் எதன்மேல் விழ வேண்டும், இதெல்லாம் நான் முடிவு செய்வது. வெளியாட்களிடம் சொன்னால் கம்ப்யூட்டருக்குள் லைட் போட ஒரு ஆளா என்று சிரிப்பார்கள். அம்மா மட்டும் பெருமையாக, என் பெண்ணுக்கு எலக்ட்ரிக்கல் வேலை, ஆனால் ஷாக் அடிக்காது என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கேம் முடியும்போது திரையில் என் பெயர் வரும் என்பதையும் சொல்லிவிட்டாள்.

கேமின் கதை சின்னது. இருபது மாடிக் கட்டடம் ஒன்றில் தண்ணீர் புகுந்து மின்சாரம் போய்விட்டது. உச்சியில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக் பெண் ஒருத்தி படிப்படியாகக் கீழே இறங்கி வெளியே போக வேண்டும். இருட்டில் ஏதோ ஒன்று துரத்துகிறது. அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, 'அது' என்றுதான் சொல்வோம். மாடிகளை நாங்கள் உச்சியிலிருந்துதான் எண்ணுவோம்; ஆறு மாடி இறங்கியதும் ஒரு காவலாளி அறை வரும். அங்கே அது வராது. அங்கே அவள் உட்காரலாம், மூச்சு வாங்கலாம், எழுந்து மறுபடி நடக்கலாம். இந்த ஆட்டத்தில் அப்படி ஓர் இடம் இது ஒன்றுதான்.

அந்த அறை வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே அடம்பிடித்தவள் நான். பயமுறுத்துவது பெரிய வித்தை இல்லை. இருட்டையும் ஒரு சத்தத்தையும் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பயமுறுத்தலாம். பயந்துபோன மனுஷியைக் கொஞ்சம் உட்காரவைத்து, மறுபடி எழுந்து போக மனசு வரவைப்பதுதான் வேலை. எங்கள் கணக்கிலும் அது தெரிந்தது. அந்த அறையில் உட்காராமல் ஓடினவர்கள் ஒன்பதாவது மாடிக்கு வருவதற்குள் அலுத்துப்போய், கேம் ஆடுகிற கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

டைரக்டருக்கு எங்களுக்குள் 'ஒரு நிமிஷம்' என்று பெயர். எதையும் அப்படித்தான் ஆரம்பிப்பார். அன்றைக்கும் ஒரு நிமிஷம் என்று ஆரம்பித்து, அறை வேலை செய்யவில்லை, எடுத்துவிடலாம், நேரமும் மிச்சம் என்றார். வேண்டுமானால் சுவரில் 'இங்கே பாதுகாப்பு' என்று பச்சையில் எழுதிப் பார்க்கலாம், ஓர் அம்புக்குறியும் போடலாம் என்று பெரிய மனசு பண்ணி ஒரு யோசனை வேறு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் 'இது சாப்பாடு' என்று எழுதி வைப்பாரா இவர்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைங்க சார். புது ஆளுங்க பத்துப் பேர். அதுல ஆறு பேர் முப்பது செகண்ட் உள்ள இருந்தா ரூம் இருக்கட்டும். இல்லன்னா ரூமையும் எடுத்துடுங்க, கடைசியில வர்ற என் பேரையும் எடுத்துடுங்க."

பெயரை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லைதான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவரும் ஒரு நிமிஷம் என்றுகூடச் சொல்லாமல் சரி என்று எழுதிக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அறை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், பெருமைக்காகவும்தான். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் ஆரஞ்சு மூடி போட்ட மேஜைவிளக்கு. விளக்குக்கு எதிரே நாற்காலி, அதில் சிவப்புப் போர்வை. விளக்கு தாழ்வாக இருப்பதால் நாற்காலியின் நிழல் சுவர் முழுக்க எழுந்து நிற்கும். மூலைகள் மெதுவாக இருட்டில் கரையும். வெளியே நடைபாதை முழுக்க நீலம் கலந்த பச்சை, அதற்குள் இந்த ஒரு துளி மஞ்சள். பார்த்தவர்கள் ஆகா என்றார்கள். போஸ்டருக்கே அந்தப் படத்தைத்தான் எடுத்தார்கள்.

அதனால் முதல் வாரம் முழுக்க நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். மஞ்சளைக் கூட்டினேன். விளக்கை இன்னும் கதகதப்பாக்கினேன், போர்வையை இன்னும் சிவப்பாக்கினேன், கதவிடுக்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கசியவிட்டேன். அந்த வார வெள்ளிக்கிழமை, எனக்காக, ஐந்து பேரை வைத்துச் சின்னதாக ஒரு சோதனை. ஐந்து நொடியாகக் குறைந்துவிட்டது. ஒருவர் கதவு வரைக்கும் வந்து எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கினார். நான் மஞ்சளை ஊற்ற ஊற்ற ஆட்கள் வேகமாக ஓடினார்கள். என் பக்கத்து மேஜைக்காரர், தேவைக்குக்கூட வாய் திறக்காதவர், மௌனம் என்று பெயர் எடுத்தவர், அவரே என் பக்கம் திரும்பி, ரொம்ப அழகா இருக்கு என்றார். அவர் ஆறுதல் சொல்கிற அளவுக்கு என் நிலைமை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ், அங்கே நாற்பது படுக்கைக்கு இவர் பொறுப்பு. கேம் என்றால் என்னவென்றே தெரியாது. புது ஆள் கிடைத்தால் விடுவேனா, சாப்பிட்ட கையோடு அவரை டிவி முன்னால் உட்காரவைத்துக் கைக்கருவியைக் கொடுத்தேன். வீட்டுக்காரர், அக்கா சோபாவை உடைத்துவிடுவாள் என்று சொல்லி, மேஜைமேலிருந்த தண்ணீர் ஜாடியைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் பத்து நிமிடம் அண்ணி சுவரில் முட்டிக்கொண்டே நடந்தார். பிறகு பழகிவிட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்ப்பதுதான் வேலை. நான் எங்கே கண்ணை இழுத்தேனோ அங்கெல்லாம் அவர் கண் போயிற்று. கூரையில் போகும் குழாய்கள் எல்லாம் ஒரே கதவை நோக்கி ஓடுகிற மாதிரி வைத்திருந்தேன், அவர் அந்தக் கதவுக்குத்தான் போனார். கதவுக்குள் கதவு, அதற்குள் ஒரு மஞ்சள் கீற்று, அவர் அந்தக் கீற்றைத்தான் பார்த்தார். பார்த்து உள்ளே போனதும் அது பாய்ந்தது. அண்ணி சோபாவை உடைக்கவில்லை, என் முழங்கையை நசுக்கினார். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறு மாடி முடிந்தது. காவலாளி அறை நடைபாதைக் கோடியில் தெரிந்தது. கதவிடுக்கில் கதகதப்பாக மஞ்சள். அண்ணி நின்றார். திரும்பி வந்த வழியே நடந்தார்.

அங்கே போகலாம் அண்ணி என்று வாயைத் திறந்துவிட்டேன். ஆடுகிறவரிடம் பேசக் கூடாது என்பது முதல் விதி. ஆனால் வயிறு எரிகிறபோது விதி எங்கே ஞாபகம் வருகிறது?

"போகமாட்டேன்," என்றார் அண்ணி. "மஞ்ச லைட்டப் பாத்து இதுவரைக்கும் ஆறு தடவ போனேன். ஆறு தடவையும் மேல விழுந்து கடிச்சுது. ஏழாவது தடவையும் போறதுக்கு நான் என்ன லூசா?"

வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் என் பழைய கோப்புகளைச் சல்லடை போட்டுத் தேடினேன். தேடத் தேட முகம் சூடேறியது.

மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் வாரத்தில், அந்த அறைக்காகத்தான் அந்த மஞ்சளை நான் கலந்தேன். இரண்டு நாள் மெனக்கெட்டு, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் புகை, தேவையான அளவு மங்கல். கலந்து முடித்ததும் 'வீடு' என்று பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தேன். பிறகு மேல்மாடிகளில் ஆட்களைத் துரத்துகிற 'அது'வின் வாயில் தள்ள ஒரு கவர்ச்சியான விளக்கு தேவைப்பட்டது. புதிதாகக் கலக்கச் சோம்பல். இருக்கிறதே ஒன்று, அழகாக வேறு இருக்கிறது என்று 'வீடு' கோப்பையே எடுத்து ஒட்டினேன். ஒரு இடத்தில் ஒட்டினது நன்றாக இருந்ததால் அடுத்த இடத்திலும் ஒட்டினேன். எண்ணிப் பார்த்தேன், ஆறு மாடியில் பதினோரு இடம். அதில் ஆறு இடத்தில் விளக்குக்குப் பின்னால் அது காத்திருக்கிறது.

அரை மணி நேரம் உட்காரவைத்து, இந்த நிறத்தை நம்பாதே, நம்பாதே என்று நானே அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்புறம் அதே நிறத்தில் ஓர் அறையைக் கட்டி வைத்துக்கொண்டு, ஏன் உட்காரமாட்டேன் என்கிறார்கள் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறேன். ஓடிப்போனவர்கள் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இதை இப்படியே விடக் கூடாது என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக டைரக்டரிடம் போய் என் தப்பை நானே சொன்னேன். மேல்மாடி விளக்குகளின் நிறத்தை மாற்ற விடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்று சொல்லி, ஒரு நிமிஷம் யோசித்து, முடியாது என்றார். அந்த ஆறு மாடியும் பூட்டியாகிவிட்டது, சோதித்து முடித்து அனுப்பியாகிவிட்டது, அதில் இனிமேல் ஒரு பல்பைத் தொட்டாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது. நாலு நாள் இருந்தது. மாடிகள் மாறாது என்றால் அறைதான் மாற வேண்டும், அதாவது நான் கலந்த நிறத்தை என் அறையிலிருந்தே துரத்த வேண்டும்.

எந்த நிறத்தை வைப்பது? நீலமும் பச்சையும் நடைபாதை முழுக்க இருக்கிறது, அங்கேதான் துரத்தல். சிவப்பு என்றால் ஆபத்து என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணிக்குப் போன் போட்டேன். உங்கள் வார்டில் ஓடி ஓடிக் களைத்துப்போனால் ஒரு நிமிடம் எங்கே போய் நிற்பீர்கள் என்று கேட்டேன். ஓய்வறையா?

"ஓய்வறையா? அதுல நல்ல சோபா, சின்ன சின்ன விளக்கு எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. யார் அங்க போறா? நான் மருந்து எடுத்து வைக்கிற ரூம்ல போய் நிப்பேன். ட்யூப்லைட்டு. மூலை முடுக்கெல்லாம் தெரியும். ஒரே கதவு, அதுக்கு எதிர்ல ஒரு ஸ்டூல். யார் வந்தாலும் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்ல. அது போதும்."

போனை வைத்ததும் முதலில் எனக்கு வந்தது அருவருப்பு. ட்யூப்லைட். என் தொழிலில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. எங்கும் ஒரே மாதிரி விழுகிற வெள்ளை வெளிச்சம், நிழலே இல்லாத சுவர், எதையும் எடுத்துக்காட்டாத, எதையும் மறைக்காத ஒளி. ஒரு புதுப் பையன் அப்படி ஓர் அறையைச் செய்து கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அண்ணி சொன்னதில் இரண்டாவதாக ஒன்று இருந்தது, அது இன்னும் பலமாகக் குத்தியது. கதவுக்கு எதிரே ஸ்டூல். என் நாற்காலி எங்கே இருந்தது? விளக்கைப் பார்த்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கதவிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த நிழலுருவம் அழகாகத் தெரிய வேண்டும் என்று அப்படி வைத்தேன். ஆறு மாடி துரத்தலுக்குப் பிறகு, கதவுக்கு முதுகைக் காட்டி யார் உட்காருவார்கள்? படம் பார்க்கிறவருக்காக நாற்காலி போட்டேன், உட்காருகிறவரை மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மேஜைவிளக்கை எடுத்தேன். கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்லவில்லை. எடுத்ததும் அறை சட்டென்று இருண்டு, வெறும் கருப்புப் பெட்டியாக நின்றது. கூரையில் நீளமாக ஒரு ட்யூப்லைட் மாட்டினேன். அதன் நிழலைக் கொல்ல எதிர்ச்சுவரில் இன்னொன்று. நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டினேன், முகம் கதவைப் பார்த்து. மேஜைக்கடியில் இருந்த மரப்பலகையைக் கழற்றினேன், நாலு காலும் அதற்கு அப்பால் தரையும் தெரிந்தது. அலமாரியின் கதவுகளைப் பிடுங்கினேன். சுவருக்கு எந்த ஆபீஸிலும் இருக்கிற வெளிறிய பச்சை அடித்தேன்.

புதன்கிழமை கோணங்களைப் பார்த்தேன். இந்தக் கேமில் எல்லா அறையிலும் ஒரு திருட்டு வேலை செய்திருந்தேன். அலமாரி, படம், குழாய் எல்லாவற்றையும் மூன்று டிகிரி சாய்த்து வைத்திருந்தேன். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும். பழக்க தோஷத்தில் காவலாளி அறையையும் சாய்த்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அலமாரித் தட்டுகள் நேர், மேஜை நேர், கதவு சரியாக நடுவில். கதவில் ஒரு பெரிய கண்ணாடி வைத்தேன், நுழைவதற்கு முன்னாலேயே முழு அறையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இருட்டிலிருந்து வருகிறவருக்குத் திரை முதலில் கூசும், பிறகு தெளியும். அந்தத் தெளிவதற்கான நேரத்தை மட்டும் நாற்பது தடவை மாற்றிப் பார்த்து, ஒன்றரை நொடியில் நிறுத்தினேன். மூச்சை விடுகிற அளவு.

மௌனம் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கடைசியில், பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு என்றார். போய் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அந்தக் கதவை உள்ளிருந்து சாத்துகிற மாதிரி ஒரு தாழ்ப்பாளுக்கு நிரல் எழுதிக் கொடுத்தார். அவர் என்னோடு இருக்கிறார் என்று அதில்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை டைரக்டர் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். போஸ்டரில் இருக்கும் விளக்கு எங்கே, போர்வை எங்கே, இவ்வளவு அழகாக இருந்ததை ஏன் இப்படிக் கெடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஆறு மாடியையும் பதினோரு விளக்கையும் மறுபடி விளக்கினேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் கண் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய அறைக்கே டெஸ்ட் வைத்துவிடுவோம், மூன்று பேராவது உட்காருவார்கள், மானமாவது மிஞ்சும் என்றார்.

"மானம் எனக்கு வேண்டாம் சார். உக்காரணும். இந்த ரூம்தான் நாளைக்கு."

அவர் ஒரு நிமிஷம் என்று சொல்லவில்லை. உங்கள் இஷ்டம், உங்கள் பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை ஆரம்பம். ஒரு அறையில் ஆடுகிறவர், கூட வரவேற்பில் இருக்கும் பெண். அடுத்த அறையில் நாங்கள், எங்களுக்கு ஒரு திரையில் ஆட்டமும் இன்னொன்றில் ஆடுகிறவரின் முகமும். முதல் ஆள் ஒரு கல்லூரி மாணவி. அறைக்குள் வந்தாள், அலமாரியில் இருந்த டார்ச் பாட்டரியை எடுத்தாள், பதினோரு நொடியில் போய்விட்டாள். டைரக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

இரண்டாவது ஆள் ஒரு பல் டாக்டர். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார், உள்ளே வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு நொடி. மூன்றாமவர் முப்பத்தைந்து. நான்காமவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் வந்தவர் போல, கேமையே விழுந்தடித்து ஓடி ஒன்பது நொடியில் தாண்டிவிட்டார். ஐந்தாமவர் உட்கார்ந்தார், ஆறாமவர் உட்காரவில்லை. ஏழும் எட்டும் உட்கார்ந்தார்கள். எட்டாவது ஆள், லாரி ஓட்டுகிற ஒரு பெண், நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளைச் சுழற்றிச் சுளுக்கெடுத்தார். ஒன்பதாமவர் இருபத்தாறு நொடியில் எழுந்து போனார். நாலே நொடி குறைவு. அவரைக் காலைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கலாமா என்று இருந்தது.

ஒன்பது பேர் முடிந்தது, ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். இன்னும் ஒருவர்தான் இருந்தார்.

பத்தாவது ஆள் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், வீடுகளுக்குக் கூரியர் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மிகவும் பயந்தார். மூன்றாவது மாடியிலேயே சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். ஆறாவது மாடியில் அது அவரை நாலு தடவை பிடித்தது. நாலு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மாடியின் தொடக்கத்திலிருந்து வந்தார். காவலாளி அறைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். உள்ளே வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. பதினைந்து நொடி, இருபது. திரும்பிக் கதவை நோக்கி நடந்தார். இருபத்து மூன்று. டைரக்டர் பேனாவை எடுத்தார். முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கைக்கருவியை மடியில் வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் பேன்ட்டில் துடைத்தார். முதுகை நிஜ நாற்காலியில் சாய்த்தார். முப்பது நொடி தாண்டியது, ஒரு நிமிடம் தாண்டியது. மௌனம் என் தோளில் ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆனபோது, ஏதாவது பழுதாகி நின்றுவிட்டதா என்று வரவேற்புப் பெண் அவரிடம் கேட்டாள்.

"இல்லம்மா, ஓடுது. வெளிய போனா மறுபடி ஓடணும்ல. இருங்க, போறேன்."

நாலு நிமிடம் பத்து நொடிக்குப் பிறகு எழுந்தார். தாழ்ப்பாளைத் திறந்து, இருட்டுக்குள் நேராக நடந்து போனார். மற்றவர்கள் அலுத்து விட்டுப்போன ஒன்பதாவது மாடியைத் தாண்டினார், பதினோராவது மாடியைத் தாண்டினார், நாங்கள் போதும் என்று சொல்லி நிறுத்தும்வரை போய்க்கொண்டே இருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஆறு பேர். அறை இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. டைரக்டர் கை கொடுத்தார், மனசார. பிறகு ஆடினவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். மிகவும் பிடித்த இடம் எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மேல்மாடிகளின் மஞ்சள் விளக்குகள். பிடிக்காத இடம் எது என்ற கேள்விக்குப் பத்தில் எட்டுப் பேர் காவலாளி அறையை எழுதியிருந்தார்கள். ஆபீஸ் மாதிரி, வெறுமை, பாதியில் விட்ட வேலை. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கடைசித் தாள் கூரியர்காரருடையது. பிடிக்காத இடம்: அந்த வெள்ளை ரூம், ஒண்ணுமே இல்லை. அதில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு, நாலு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த அவர் எழுதியிருந்த பதிலை டைரக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, தாளை என் பக்கம் நீட்டினார்.

'உள்ள போனதும் வந்துட்டேன். ரெண்டு மூணு செகண்ட் இருக்கும்.'

"ஒருத்தருக்கும் பிடிக்கலையேம்மா," என்றார் டைரக்டர், என்னைவிட வருத்தமாக.

"பிடிக்க வேண்டாம் சார்," என்றேன். "உக்காந்தாங்க."